எச்டி வீடியோ எடிட்டிங் தொடங்குகிறவர்களுக்கு: காசை முதலில் திரையில் போடுங்கள்

யாழ்ப்பாணத்தில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்கக் கமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. எடுத்த படத்தை வெட்டி, நிறம் திருத்தி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக இறங்குகிற பிள்ளைகளும் நிறைய. அவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கிராபிக்ஸ் கார்ட் வாங்கலாம்?" என்பதுதான். எந்தத் திரையைப் பார்த்து வேலை செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கணினி மெதுவாக இருந்தால் வேலை பிந்தும், அவ்வளவுதான். திரை பிழையாகக் காட்டினால், பொம்பிளையின் கூறைச்சேலை அரக்குச் சிவப்பா செம்மஞ்சளா என்று தெரியாமலே முழுக் கலியாணத்தையும் முடித்துக் கொடுத்துவிடுவீர்கள். ரொறன்ரோவில் மாமி அதைப் பெரிய ரி.வி.யில் போடும்போதுதான் வித்தியாசம் தெரியவரும்.

இது 1920×1080 எச்டி வேலைக்கும், அதைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 3840×2160 அளவுக்கு, அதாவது 4கேக்கு, மெல்ல ஏற நினைப்பவர்களுக்கும் எழுதியது. விலை எதுவும் எழுதவில்லை. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைக் கண்டவர்கள் நாங்கள். இன்று எழுதும் விலை நாளைக்கு நிற்காது.

முதலில் உங்கள் கமரா என்ன தருகிறது என்று பாருங்கள்

கடைக்குப் போக முன்னர், உங்கள் கமராவிலோ நீங்கள் எடிட் செய்து கொடுக்கப்போகும் ஸ்டூடியோவின் கமராவிலோ எடுத்த ஒரு கோப்பை வாங்கி, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படத்தின் அளவு, ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம், எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கிவைக்கும் முறை), நிறத்தின் நுணுக்கம் 8 பிட்டா 10 பிட்டா, நிறத் தகவலின் அளவு 4:2:0 ஆ அதைவிடக் கூடிய 4:2:2 ஆ என்று எல்லாம் அதில் வரும். குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் கணினியைத் தீர்மானிப்பது இந்தக் குறிப்புத்தான்.

எச்.264, எச்.265 என்ற கோடெக்குகளில் பதிந்த கோப்புகள் சின்னனாக இருக்கும். ஆனால் எடிட்டிங்கில் அவைதான் பாரம். இவற்றில் இடைக்கிடை மட்டுமே ஒரு முழுப் படம் இருக்கும். நடுவில் உள்ளவை முன்பின் படங்களில் இருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே. டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பகுதியில், நீங்கள் எங்கே கிளிக் பண்ணினாலும் கணினி அந்தக் கணக்கைப் போட்டுத்தான் படத்தைக் காட்ட வேண்டும். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குகள் ஒவ்வொரு பிரேமையும் முழுமையாகவே வைத்திருப்பதால் கோப்பு பெரிதாகும், ஓடுவது இலகுவாகும்.

பிரேம் விடயத்தில் ஒன்று. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 25 அல்லது 50 பிரேமில், ஷட்டரை 1/50 இல் வைத்து எடுத்தால் மண்டபத்து விளக்குகள் படத்தில் துடிப்பது குறையும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் நிகழ்வென்றால் எல்லோரும் ஒரே பிரேமில் எடுக்கும்படி முதலே பேசிவையுங்கள். ஒருவர் 25இலும் மற்றவர் 30இலும் எடுத்துவந்தால் பிறகு மினக்கெடுவது எடிட்டர்தான்.

கணினி

புதிய கமராக்கள் பல எச்.265 இல் 10 பிட் 4:2:2 ஆகப் பதிகின்றன. இதை வன்பொருளிலேயே அவிழ்க்கும் வசதி எல்லா கிராபிக்ஸ் கார்டிலும் இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 தொடரோடுதான் அது வந்தது. இன்டெல்லின் 12ஆம் தலைமுறையிலும் அதற்குப் பின்னரும் வந்த கோர் செயலிகளில், உள்ளே இருக்கும் சாதாரண கிராபிக்ஸே அதைச் செய்யும். ஆகவே பழைய தலைமுறை விலை கூடிய கார்டைப் போட்டுத் திணறுகிறவருக்குப் பக்கத்தில், கார்டே இல்லாத ஒரு கோர் ஐ5 கணினி தடங்கலின்றி ஓடுவது நடக்கிற காரியம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செயலியின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று கடையில் அதைத்தான் காட்டுவார்கள். எடிட்டிங்குக்கு வேண்டாம். ஆப்பிள் எம்1 முதலான சில்லு உள்ள மக் கணினிகளும் இந்தக் கோப்புகளை நன்றாகக் கையாளும்.

ராம் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 4கே என்றால் 32. ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டாகப் போட்டால் வேகம் கூடும். டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டில் கூடுதலாகத் தங்கியிருக்கும் எடிட்டிங் மென்பொருள். அதில் 4கே வேலை செய்வதானால் 8 ஜிபி நினைவகம் உள்ள கார்ட் நல்லது. அதன் இலவசப் பதிப்பே 3840×2160 வரை, 60 பிரேம் வரை வெளியிடும். புதியவருக்கு அது தாராளம். படத்தில் உள்ள நொய்ஸை நீக்கும் கருவி போன்றவை ஒருமுறை காசு கட்டி வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. லினக்ஸில் இலவச ரிசால்வ் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் இருக்கிறது.

கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப் மட்டும்தானா? அதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரவு படுக்கப்போகும்போது எல்லாக் கிளிப்புகளுக்கும் சிறிய அளவில் பிராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு இலகுவான பிரதி, செய்யவிட்டு, காலையில் அந்தப் பிரதிகளை வைத்து வெட்டுங்கள். கடைசியில் வெளியிடும்போது மென்பொருள் தானாக மூலக் கோப்புக்கு மாறிக்கொள்ளும்.

திரை

நான் நீட்டிப் பேச வேண்டிய இடம் இதுதான்.

மொனிட்டரின் பனலில், அதாவது காட்சித் தகட்டில், பல வகை உண்டு. ஐபிஎஸ் வகையை எடுங்கள். டிஎன் பனலில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிறம் மாறும். விஏ பனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், மாறுபாடு 3000:1 அளவில் வரும், ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இருண்ட இடங்கள் வெளிறும். ஐபிஎஸ் பொதுவாக 1000:1 அளவுதான். இருட்டறையில் அதன் கறுப்புச் சற்றுச் சாம்பலாகத் தெரியும். இருந்தாலும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் உங்களுக்கு இரண்டு பக்கமும் கதிரை போட்டிருந்து படம் தெரிவு செய்யும்போது, மூன்று பேருக்கும் ஒரே நிறம் தெரிவது ஐபிஎஸ்ஸில்தான். ஓலெட் அழகானது. ஆனால் எடிட்டிங் மென்பொருளின் அசையாத பெட்டிகளும் கோடுகளும் நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்பதால் அதில் தடம் பதியும் ஆபத்து உண்டு. முதல் மொனிட்டராக வேண்டாம்.

அடுத்தது நிற எல்லை, அதாவது திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பது. எச்டி வீடியோவின் நியமம் ரெக்.709. கணினித் திரைகளின் நியமமான எஸ்ஆர்ஜிபியின் அடிப்படை நிறங்களும் அவையே. ஆகவே பெட்டியில் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருந்தால் உங்களுக்குத் தேவையான நிறங்கள் அதில் உண்டு. சிலவற்றில் எஸ்ஆர்ஜிபி பற்றி ஒன்றும் இல்லாமல் 72 சதவீதம் என்டிஎஸ்சி (பழைய ரி.வி. நிற நியமம்) என்று மட்டும் இருக்கும். பரப்பளவில் அது ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபிக்குச் சமம், எடுக்கலாம். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மலிவு லப்டொப்புகள் பலவற்றின் திரை இதுதான். சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்துச் சிவப்பை ஏற்றுவீர்கள். நல்ல திரையில் குங்குமமும் கூறையும் கண்ணைக் குத்தும், சேலையின் சரிகை வேலைப்பாடு சிவப்புக்குள் மூழ்கிவிடும். எங்கள் நிகழ்வுகளில் சிவப்பும் பொன்னும் இல்லாத பிரேமைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிரச்சினையும் உண்டு. பி3 போன்ற அகன்ற நிற எல்லை உள்ள மொனிட்டரில் சாதாரண எச்டி படத்தை அப்படியே போட்டால் எல்லா நிறமும் உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியும். அதைக் கண்டு நீங்கள் நிறத்தைக் குறைப்பீர்கள். வாடிக்கையாளர் வீட்டில் படம் வெளிறிப்போகும். அப்படியான மொனிட்டர் வாங்கினால் அதில் எஸ்ஆர்ஜிபி அல்லது ரெக்.709 மோட் இருக்கிறதா என்று பார்த்து, அதில் வைத்தே வேலை செய்யுங்கள்.

அளவைப் பொறுத்தவரை 24 அங்குலத்துக்கு 1920×1080 அல்லது 1920×1200 போதும். 27 அங்குலம் என்றால் 2560×1440 எடுங்கள். 27 அங்குலத்தில் 1080 எழுத்தும் படமும் சொரசொரப்பாகத் தெரியும். 1440 திரையில் எச்டி படத்தை முழு அளவில் வைத்துக்கொண்டே டைம்லைனுக்கும் இடம் மிச்சம் பிடிக்கலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த அளவு அதுதான். 8 பிட் பனல் ரெக்.709 வேலைக்குப் போதுமானது. பெட்டியில் எச்டிஆர் 400 என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். வளைந்த திரையும் வேண்டாம். மண்டபத் தூண் நேராக நிற்கிறதா என்று அதில் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

திரை புதுப்பிப்பு வேகத்தைப் பலர் கவனிப்பதில்லை. 25 பிரேம் படத்தை 60 ஹேர்ட்ஸில் ஓட்டினால் கணக்குச் சரியாகப் பிரியாது. சில பிரேம் இரண்டு தரம், சில மூன்று தரம் வரும். நல்லூர்க் கோபுரத்தைக் கீழிருந்து மேலாக நிதானமாக எடுத்த ஷொட்கூட விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரியும். கமராக்காரரில் பிழை என்று நினைப்பீர்கள். 75 ஹேர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு பிரேமும் சரியாக மூன்று தரம். 50, 100 ஹேர்ட்ஸும் சரி.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஆசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி 24.1 அங்குலம், 1920×1200, ஐபிஎஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 75 ஹேர்ட்ஸ். அதன் 27 அங்குல, 1440 உறவு பிஏ278கியூவி. டெல் அல்ட்ராஷார்ப், பென்கியூ பிடி தொடர்களும் இந்த வேலைக்கு ஏற்றவை. இவற்றில் எது கைக்கெட்டுகிறதோ அதை எடுங்கள்.

வாங்கிவந்த பிறகு செய்ய வேண்டியது

பெட்டியில் இருந்து எடுத்தபடியே வேலையைத் தொடங்காதீர்கள். மொனிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வெளிச்சத்தைக் கூட்டியே வருகின்றன. சாதாரண வீடியோவுக்கு வெள்ளை 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்பது நியமம். கொஞ்சம் வெளிச்சமான அறையில் 120 வரை வைக்கலாம். கூடிய வெளிச்சத்தில் வேலை செய்தால் படத்தை அறியாமலே இருட்டாக்கிவிடுவீர்கள். நிற வெப்பநிலை 6500 கெல்வின். கண் பாதுகாப்பு மோட், டைனமிக் கொன்ட்ராஸ்ட், விண்டோஸின் நைட் லைட், லப்டொப்பில் தானாக வெளிச்சம் மாறும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

திரையின் நிறத்தை அளந்து திருத்த உதவும் ஸ்பைடர், கலிபிரைட் போன்ற அளவுகருவிகள் தனி ஒருவருக்கு விலை கூடியவைதான். தெரிந்த எடிட்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறிமாறிப் பாவியுங்கள், தினமும் தேவைப்படும் சாமான் இல்லை. பாவிக்கும்போது முதலில் மொனிட்டரின் சொந்த மெனுவிலேயே சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் திருத்தி 6500க்குக் கொண்டுவாருங்கள். ஏனென்றால் கருவி உருவாக்கும் ஐசிசி என்ற நிறத் திருத்தக் கோப்பை விண்டோஸில் ரிசால்வ் தன் படப் பெட்டிக்குப் பயன்படுத்துவதில்லை.

அறையும் நிறத்தை மாற்றும். எங்கள் வீடுகளில் சுவருக்கு நீலம், ரோசா, மஞ்சள் என்று அடிப்பது வழக்கம். மொனிட்டருக்குப் பின்னால் உள்ள அந்த ஒரு சுவரை மட்டும் சாம்பல் நிறமாக அடியுங்கள், முடியாவிட்டால் சாம்பல் துணியைத் தொங்கவிடுங்கள். மொனிட்டரை யன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டு, திரைக்குப் பின்னால் 6500 கெல்வின் எல்ஈடி ஒன்றை மெல்லிய வெளிச்சத்தில் எரியவிட்டால் கண்ணும் களைக்காது.

நல்ல மொனிட்டர் வாங்கும்வரை கைகொடுப்பது ஸ்கோப்புகள், அதாவது எடிட்டிங் மென்பொருளில் வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்டும் வரைபடங்கள். வேவ்ஃபோர்மும் வெக்டர்ஸ்கோப்பும் திரையின் தரத்தைப் பொறுத்து மாறுபவை அல்ல. கோப்பில் உள்ளதை அளந்து காட்டுபவை. வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ வெள்ளையோ, மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். பெரும்பாலும் மாறுவது வெளிச்ச அளவுதான். முகத்தை வெள்ளையாக்கித் தாருங்கள் என்று கேட்பார்கள். இதில் என் கருத்து உறுதியானது: எங்கள் நிறத்தை உள்ளபடி, வடிவாகக் காட்டுவதுதான் நல்ல எடிட்டரின் வேலை. வெளிச்சத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் முழுக்க எரிந்துபோகும் என்று காட்டி விளங்கப்படுத்துங்கள்.

வீட்டு ரி.வி.யை இரண்டாவது திரையாக எச்டிஎம்ஐயில் இணைக்கலாம். படத்தைப் பெரும்பாலானோர் ரி.வி.யில்தான் பார்க்கப்போகிறார்கள் என்பதால் அது அவசியமும்கூட. சினிமா அல்லது ஃபில்ம்மேக்கர் மோடில் வைத்து, அசைவை மென்மையாக்கும் வசதியை நிறுத்துங்கள். கறுப்பு வெளிறியோ, அல்லது நிழல் எல்லாம் ஒரேயடியாகக் கறுத்தோ தெரிந்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரையான வெளிச்ச அளவில் கணினி 0–255 எல்லையிலும் ரி.வி. 16–235 எல்லையிலும் நிற்கின்றன, அல்லது மறுபுறமாக. இரண்டையும் ஒரே எல்லைக்குக் கொண்டுவந்த பிறகே நிறத்தைப் பற்றி முடிவெடுங்கள்.

சேமிப்பு

விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி சாப்பிடும். பொம்பிளை வெளிக்கிடுவதிலிருந்து தாலிகட்டு, விருந்து வரை இரண்டு கமராவில் ஆறு மணித்தியாலம் எடுத்தால் 540 ஜிபி. விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் ஒரு எஸ்எஸ்டி, நடக்கும் வேலைக்கு 1 அல்லது 2 டிபி என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி, முடிந்த வேலைக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு இடத்தில் பிரதி எடுத்துச் சரிபார்க்கும் வரை கமராவின் கார்டை அழிக்கவே கூடாது. மூன்றாவது பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். கலியாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

பென் டிரைவில் கொடுக்கும்போது, அது ஃபாட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றுங்கள். பழைய ரி.வி. சிலவற்றுக்கு அது தெரியாது. அப்படியானவர்களுக்குப் படத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

கரண்ட், இடி, தூசி

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருண்டது. இவை இல்லாத நாளிலும் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். ஆகவே மேசைக் கணினிக்கு யூபிஎஸ் கட்டாயம். வோல்ட்டேஜைச் சீர்செய்யும் ஏவிஆர் உள்ள லைன் இன்டராக்டிவ் வகையாகப் பாருங்கள். 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட் அல்ல. 400க்கும் குறைவாகவே தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் மொனிட்டரும் சேர்ந்தால் 1000 விஏக்கு மேலே பாருங்கள். அது தருவது சில நிமிடங்கள், சேமித்து நிறுத்த மட்டும். ஓட்டோசேவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒருக்கா பார்ப்பிப்பது, எந்தப் புதுச் சாமானை வாங்குவதைவிடவும் முந்திச் செய்ய வேண்டியது.

சித்திரை மாதத்து மாலை இடி, ஐப்பசி கார்த்திகை மழை இடி இரண்டிலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இணைய ரவுட்டரின் வயரையும்தான். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி கணினிக்குள் அடையும். பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வைத்து, ஃபில்ட்டரை அடிக்கடி தட்டுங்கள். குருநகர், பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு இருப்பதால் துரு சீக்கிரம் பிடிக்கும், பாவிக்காத போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள். ஏசி இல்லாத அறை என்றால் 65 வாட் செயலியே புத்திசாலித்தனம்.

சத்தத்துக்கு: சிமெந்து நிலமும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஸ்பீக்கர் எதிரொலித்து ஏமாற்றும். சோனி எம்டிஆர்-7506 போன்ற மூடிய ஹெட்ஃபோன் ஒன்று போதும்.

எங்கே வாங்குவது

யாழ் நகரக் கடைகளில் வாங்கினால் பழுதென்றால் நேரே போய்ப் பேசலாம். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் தெரிவு அதிகம், சில வேளை விலையும் குறையும். ஆனால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். உத்தரவாதக் காலத்தில் பழுதுபட்டால் யார் கொண்டுபோவது, யார் பஸ் கூலி கொடுப்பது என்று பில் போட முன்னர் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம்; சொன்ன விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கடைக்கு ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஆறு படங்களும், நீங்கள் நன்கறிந்த ஒரு கலியாணக் கிளிப்பும் அதில் இருக்கட்டும். நிறப் படங்களில் செத்த புள்ளி தெரியும். கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, சாம்பலில் ஒரு பக்கம் மஞ்சளாகிறதா என்று பாருங்கள். அவர்கள் பெட்டியைத் திறந்து காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், பின்புறத்தில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. பெரும்பாலான மொனிட்டர்கள் இரண்டிலும் ஓடும். ஆனால் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாவது அரிது, பயணப் பெட்டிக்குள் பனல் உடைந்தால் திருத்துவதைவிடப் புதிதே வாங்கலாம். ஹெட்ஃபோன், எஸ்எஸ்டி, அளவுகருவி போன்ற சின்னச் சாமான்களைக் கேளுங்கள். திரையை இங்கேயே வாங்குங்கள்.

காசு கட்டம் கட்டமாகத்தான் வருமென்றால், இருக்கும் கணினியை வைத்துக்கொண்டு முதலில் மொனிட்டர், பிறகு யூபிஎஸ்ஸும் பிரதி எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும், அதற்குப் பிறகு ராமும் எஸ்எஸ்டியும் வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்ட் கடைசி. அதற்குள் நாலைந்து வேலை முடித்திருப்பீர்கள், எந்த இடத்தில் கணினி திணறுகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.